தீவுக்கு வெள்ளையடித்தவர்

அப்பா வீடுகளுக்கு வெள்ளையடிக்கிறவர். 'சுண்ணாம்பு' என்று கேட்டால்தான் ஊரில் வழி காட்டுவார்கள். நகக்கண்ணில் எப்போதும் வெள்ளை. எதைக் கேட்டாலும் சட்டென்று வாய் திறக்காத கல்லுளிமங்கன்.

கரைக்கு எதிரே ஆளில்லாத ஒரு சின்னத் தீவு இருக்கிறது. குடிக்கத் தண்ணீர்கூடக் கிடையாது, வெறும் பாறை. அதன் முகத்தில் அகலமாக வெள்ளை அடித்திருக்கும். திரும்பி வரும் படகுகள் வலப்பக்கமிருந்து அந்த வெள்ளையைக் கடந்து, அதன் இடது ஓரத்துக்கு நேரே வந்த பிறகுதான் துறைமுகத்துக்குள் திரும்ப வேண்டும். முன்னாலேயே திரும்பினால் தண்ணீருக்கடியில் இருக்கும் பாறை படகைப் பிளந்துவிடும். உப்புக்காற்றில் உரிந்துபோகும் அந்த வெள்ளையைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடிப்பது அப்பாவின் வேலை. அங்கே படகை அணைக்கும் அளவுக்குக் கடல் அடங்குவது வருஷத்தில் இரண்டொரு நாள்தான்.

"நம்ம வீட்டுச் சுவரு பல்லிளிக்குது. அந்தப் பாறைக்கு மட்டும் வருஷா வருஷம் வெள்ளை," என்பாள் அம்மா.

அந்த வருஷம் கடல் அடங்கியபோது அம்மா மூச்சுத் திணறலோடு படுத்திருந்தாள். அப்பா கிளம்பத் தயங்கினார்.

"போயிட்டு வாங்க. நான் எங்க ஓடிடப் போறேன்," என்றாள் அம்மா.

மோசமானால் மொட்டைமாடியில் சிவப்புப் போர்வையைக் கட்டுகிறேன் என்றேன். தீவிலிருந்து எங்கள் மாடி நன்றாகத் தெரியும்.

மதியத்துக்கு முன்பே கட்டிவிட்டேன். அம்மா கண்ணை வாசலிலேயே வைத்திருந்தாள்.

"வந்துட்டாரா?"

"வந்துக்கிட்டே இருக்காரும்மா."

கேட்டபோதெல்லாம் அதையே சொன்னேன். அப்புறம் அவள் கேட்கவில்லை.

அப்பா வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. முழங்கைவரை சுண்ணாம்பு. அம்மாவைத் தொடப் போனவர், கையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"போர்வையைப் பார்க்கலையாப்பா?"

"பார்த்தேன்."

"பார்த்துமா வரலை?"

"பழசைச் சுரண்டியாச்சு. வலது பக்கத்துல இருந்து பாதிதான் அடிச்சிருந்தேன். அப்படியே விட்டா, வர்றவன் அந்தப் பாதியிலேயே திரும்பிடுவாம்மா."

அவ்வளவுதான் பேசினார். ஊர் அவரைக் கல்நெஞ்சுக்காரர் என்றது. நான் மறுக்கவில்லை. இப்போது என்னோடுதான் இருக்கிறார். வேளாவேளைக்குச் சாப்பாடு போடுகிறேன், துணி துவைத்துக் கொடுக்கிறேன். முகம் கொடுத்துப் பேசி வருஷக்கணக்காகிறது.

அன்று மாலை எல்லாப் படகுகளும் பத்திரமாகக் கரை சேர்ந்தன. அவற்றில் ஒன்றை ஓட்டி வந்தவர் என் கணவர். அது எனக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். ஒருநாள்கூட அப்பா அதைச் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் நானும் சண்டை போட்டு, ஒரு பாட்டம் அழுது தீர்த்திருப்பேன்.