கொரோனா காலத்தில் ஒரு தும்மல் டாக்டர்

அடுத்தவர் தும்மலில் அடுப்பெரியும் தொழில் என்னுடையது. மயிலாடுதுறையில் அலர்ஜிக்கும் ஆஸ்துமாவுக்கும் வைத்தியம் பார்க்கிறேன். தும்மினால் 'நூறு வயசு' என்று வாழ்த்திய ஊரில், கொரோனா வந்ததும் தும்மியவரைக் கொலைகாரனைப் போலப் பார்த்தார்கள். கைக்குட்டைக்குள் தும்மலை நசுக்கி, கண்ணில் நீர் முட்ட, 'ஒண்ணுமில்லைங்க, தூசி' என்று ஊரெல்லாம் விளக்கம் சொல்லித் திரிந்தவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களைப் போல எனக்கும் தூசி ஆகாது.

தும்மலுக்கு ஒரு சர்டிபிகேட்

ராமலிங்கம் சார் ஹைஸ்கூலில் சரித்திரம் நடத்துபவர். தை மாதம் அறுவடை மெஷின் வயலில் இறங்கினால் இவர் மூக்கும் வேலையைத் தொடங்கிவிடும்; நெல் சுணை ஆகாது. அன்று பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். ரோட்டோரம் மெஷின் ஓடுகிறது. அடுக்கடுக்காகத் தும்மினார். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்தார், முன் சீட்டுக்காரர் எழுந்தார், கடைசியில் கண்டக்டர் விசில் ஊதி, வாத்தியாரை நடு வயலில், அதாவது அந்தச் சுணைக்குள்ளேயே, இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் வந்து, "தும்மல் வேற, கொரோனா வேற. எழுதிக் கொடுங்க" என்று நின்றார். டெஸ்ட் எடுக்க வைத்து, ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு, பழைய அலர்ஜிக்காரர் என்று எழுதிக் கொடுத்தேன். காய்ச்சல் வந்தால் இந்தக் காகிதம் செல்லாது என்றும் சொன்னேன். மனுஷர் அதை லேமினேட் செய்து கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டார். அதே பஸ், அதே கண்டக்டர். நிதானமாக முழுவதும் படித்துவிட்டுச் சொன்னாராம்: "சார், இதை ஏறினதும் எல்லாருக்கும் காட்டிடுங்க. தும்மின பிறகு காட்டினா, படிக்க பஸ்ஸுல ஆள் இருக்காது!"

புகை

ஆஸ்துமாக்காரப் பெண் ஒருத்தி போனில் மூச்சு வாங்கினாள். வார்த்தைக்கு வார்த்தை இழுப்பு. பின்னால் யாரோ இருமும் சத்தம். விசாரித்தால், கிருமியை விரட்டுகிறேன் என்று மாமியார் வேப்பிலை, நொச்சி, சாம்பிராணி மூன்றையும் சட்டியில் போட்டு வீடு முழுக்கப் புகை காட்டிக்கொண்டிருக்கிறார். "முதல்ல வெளியே போய் உட்காரும்மா, இன்ஹேலரை எடு" என்று சொல்லி, போனை மாமியாரிடம் கொடுக்கச் சொன்னேன். அதற்குள் இரண்டு முறை இன்ஹேலர் இழுத்து, அவளுக்கு மூச்சு சீராக ஆரம்பித்திருந்தது. மாமியார் குரலில் உண்மையான வருத்தம்: "வைரஸ் வெளியே போகட்டும்னுதான் புகை போட்டேன் டாக்டரம்மா, மருமகதான் வெளியே போயிட்டா!"

பம்ப்செட் மேல்

ஊரடங்கில் வீடியோ வைத்தியம் வந்தது. குறுவைக்கு நாற்று விட்டிருந்த ஒரு விவசாயிக்கு முதுகெல்லாம் தடிப்பு. சிக்னல் பம்ப்செட் கொட்டகையின் கூரைமேல்தான் கிடைக்குமாம், ஏறி நின்றுகொண்டு பேசினார். முதுகைக் காட்டச் சொன்னால் தென்னை மரம் தெரிந்தது, பிறகு வாய்க்கால் தெரிந்தது, ஒரு எருமை வெகுநேரம் என்னையே பார்த்தது. ஒருவழியாக முதுகு வந்தது. சட்டை இல்லை, ஆனால் முகத்தில் இரட்டை மாஸ்க். பேசுவது எதுவும் புரியவில்லை. "போன்லதானே பேசறோம், மாஸ்க்கைக் கழட்டிட்டுப் பேசுங்க" என்றேன். இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டு சொன்னார்: "வேணாங்க, எங்களுக்கு இருக்கறது நீங்க ஒரு டாக்டர்தான்!"

பெருங்காயம்

செல்வம் கல்யாண சமையல்காரர். மிளகாய் வறுத்தால் தும்முவார், வருஷா வருஷம் மாத்திரை வாங்கிப் போவார். இரண்டாம் அலையில் வந்தபோதும் "வழக்கமானதுதாங்க, மாத்திரை கொடுங்க, நாளைக்குக் கல்யாணம்" என்றார். பேச்சுவாக்கில், கடைக்காரன் வாசனையே இல்லாத பெருங்காயத்தைக் கொடுத்து ஏமாற்றிவிட்டான் என்று திட்டினார். "டப்பா இருக்கா?" என்று கேட்டு வாங்கினேன். மூடியைத் திறந்ததும் மாஸ்க்கைத் தாண்டி எனக்கே நெடி ஏறியது. விரலில் கருவியை மாட்டிப் பார்த்தால் ஆக்சிஜன் குறைவு.

"கல்யாணத்துக்குப் போகக் கூடாது" என்றேன். சத்தம் போட்டார். பெண் வீட்டாருக்கு என்ன பதில் சொல்வது என்று அழுதார். அவர் மனைவியிடம் பேசி, ஆம்புலன்ஸ் வரவழைத்து, தஞ்சாவூருக்கு அனுப்பினேன். ஆக்சிஜன் வைத்தார்கள். போன் அடிக்கும்போதெல்லாம் எடுக்கவே எனக்குப் பயமாக இருந்தது. பாதி உடம்பாகத் திரும்பி வந்தார். ஆனால் தன் காலால் நடந்து வந்தார். கல்யாணம் என்னவாயிற்று என்று கேட்டேன். "வேற ஆளு சமைச்சானுங்க. ரசத்தை வாயில வெச்ச பாதிப் பேரு, தங்களுக்கும் வாசனை போயிடுச்சுன்னு டெஸ்ட் எடுக்க ஓடினாங்களாம்!"

இறால் விற்பவர்

பூம்புகாரிலிருந்து மீன் கொண்டுவந்து விற்கும் அஞ்சலைக்கு இறால் ஆகாது. தின்றால் உதடு வீங்கிவிடும். விற்பதோடு சரி. 'அலர்ஜி இருக்கிறவங்க ஊசி போட்டா அவ்வளவுதான்' என்று யாரோ வாட்ஸப்பில் அனுப்பியதைக் கேட்டு, தடுப்பூசி என்றாலே தெருவை மாற்றிப் போனார். அந்த ஊசிக்கும் இறாலுக்கும் சம்பந்தமில்லை என்று எத்தனையோ சொன்னேன். "அப்ப நீங்க பக்கத்துல இருப்பீங்களா?" என்றார். முகாமுக்குப் போனேன், அவசர மருந்துகளோடு. ஊசி போட்டு அரை மணி நேரம் பெஞ்சில் எதிரெதிரே உட்கார்ந்தோம். அவர் உதட்டைப் பார்ப்பேன், கழுத்தைப் பார்ப்பேன், நாடியைப் பார்ப்பேன். ஒன்றும் ஆகவில்லை. எழுந்து புடவையை உதறிக்கொண்டு சொன்னார்: "ஊசி ஒண்ணும் பண்ணலை டாக்டரம்மா, உங்க மூஞ்சியைப் பாத்துதான் நெஞ்சு படபடன்னு அடிச்சுச்சு!"

என் முறை

ஒரு நாள் பழைய அலமாரியைத் திறந்தேன். தூசி. நான் தும்மத் தொடங்கினேன், நிற்கவில்லை. கதவைத் திறந்து பார்த்தால், வெளியே காத்திருந்த கூட்டத்தில் ஒரு செருப்பு மட்டும் மிச்சம். இருபது வருஷமாக என்னோடு இருக்கும் நர்ஸ் மேரி காலி நாற்காலிகளை நிதானமாக அடுக்கினாள். "மேடம், சனிக்கிழமை என் தங்கச்சி வீட்டு விசேஷம், அன்னைக்கும் ஒரு தடவை தும்முங்க!"

இத்தனை பேரைப் பார்த்ததில் நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்: தும்மல் தனக்கு வந்தால் அது வெறும் அலர்ஜி, அடுத்தவருக்கு வந்தால் மட்டுமே கொரோனா.