தேக்குக் கப், வாகைக் கப், கால்விரலில் ஒரு கயிறு

1. முதல் நாள்

முதல் நாள் ஹெட்போனைத் தலையில் மாட்டியதும் எனக்கு வந்த எண்ணம் சத்தத்தைப் பற்றியது அல்ல. பாப்பா அழுதால் எப்படிக் கேட்கும் என்பதுதான்.

காரைக்குடியில் எங்கள் பட்டறையில் மரக் கப் வைத்த ஹெட்போன்கள் செய்கிறோம். குளோஸ்டு பேக் என்பார்கள். காதை மூடும் கிண்ணத்தின் பின்பக்கம் முழுக்க மரத்தால் அடைத்திருக்கும். உள்ளே ஓடும் பாட்டு வெளியே போகாது, வெளியே நடப்பது உள்ளே வராது. முதலாளி சரவணன் அண்ணன் மரம் கடைகிறார். நான் கடைசி மேசை. நான் மாட்டிக் கேட்டுச் சரி என்று சொன்ன பிறகுதான் எந்த ஹெட்போனும் பெட்டிக்குள் போகும். இந்த மேசைக்கு இன்னும் இரண்டு பெண்கள் வரப்போகிறார்கள். அவர்களுக்காக ஏதாவது எழுதி வைக்கச் சொன்னார் அண்ணன். எழுதும் அளவுக்கு எனக்குத் தெரியுமா என்று நான் இழுத்துக்கொண்டே இருந்தேன்.

"நீ யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள அந்தப் புள்ளைக ரிட்டயர் ஆயிரும்" என்றார்.

நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். வேலைக்குச் சேர்ந்தபோது பாப்பாவுக்கு எட்டு மாதம். கணவருக்குச் சிவகங்கையில் வேலை, காலை பஸ்ஸில் போய்விடுவார். மாமியாருக்கு நாட்டரசன்கோட்டையில் வயலும் மாடும். பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வரலாமா என்று பயந்து பயந்து கேட்டேன். அண்ணன் கையிலிருந்த வாகைத் துண்டைக் கீழே வைத்தார்.

"மூணு மாசம் பாப்போம். உள் ரூம்ல தொட்டில் கட்டிக்க. கஸ்டமர் வர்றப்ப மட்டும் தொட்டிலும் தெரியக்கூடாது, அழுகையும் கேக்கக்கூடாது. இம்புட்டு வெல குடுத்து வாங்க வர்றவுக, இது பட்டறையா பால்வாடியான்னு கேட்டா நா என்ன சொல்லுவேன்?"

நியாயம்தான். நடுவில் ஒரு திரை கட்டினோம். மூன்று மாதமும் அந்தத் திரையைப் பார்த்தபடிதான் வேலை செய்தேன்.

2. ஜிமிக்கி

மரத்தைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். தேக்கு இறுக்கமாகப் பேசும், வாகை இளகிப் பேசும் என்பார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் கப்பின் ஆழம், உள்ளே ஒட்டும் பஞ்சு, காதில் உட்காரும் பேட், இவை மாறினால் மரம் பேசுவதெல்லாம் அடங்கிப்போகும். உள்ளே சத்தம் எழுப்பும் குட்டி ஸ்பீக்கரை டிரைவர் என்போம். ஒரே டிரைவரை வைத்து நாங்களே மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறோம்.

முதல் வாரம் நான் ஜிமிக்கியோடு உட்கார்ந்தேன். கப்புக்குள் அது ஆடி, ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு சலங்கை கேட்டது. டிரைவரில் கோளாறு என்று மூன்று ஹெட்போனைத் திருப்பி அனுப்பினேன். அண்ணன் மூன்றையும் பிரித்துப் பார்த்து ஒன்றும் புரியாமல் என்னிடம் வந்தார். என் காதைப் பார்த்தார். திரும்பிப் போய்விட்டார். மறுநாள் சின்னத் தோடு போட்டேன். திருகாணி காதுக்குப் பின்னால் குத்தியது. இப்போது வேலைக்கு வரும்போது வெறும் காதுதான். கோவிலுக்குப் போகும் வழியில் பஸ்ஸில் வைத்துத் தோடு மாட்டிக்கொள்கிறேன்.

தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டு வராதீர்கள். ஆட்டுத்தோல் பேட் அதைக் குடித்துவிடும்.

3. கயிறு

ஹெட்போனுக்குள் போய்விட்டால் பாப்பா அழுவது எனக்குக் கேட்காது. ஒரு பாட்டுக்கு நாலு தடவை கழற்றி எட்டிப் பார்த்தேன். எட்டிப் பார்த்துவிட்டு வந்தால் எதைக் கேட்டேன் என்பது மறந்திருக்கும். ஒரு நாள் தொட்டில் சேலையின் முனையில் ஒரு காட்டன் கயிற்றைக் கட்டி, திரைக்கு அடியில் கொண்டுவந்து, மறுமுனையை என் இடது கால் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டேன். பாப்பா புரண்டால் விரல் இழுபடும். எழுந்து உட்கார்ந்தால் விரல் கழன்றே வந்துவிடும் போலிருக்கும். அதற்குப் பிறகுதான் நிம்மதியாக ஒரு தவில் அடியை முழுதாகக் கேட்டேன்.

4. தேவகோட்டைக்காரர்

மூன்றாவது மாதம் முடிய நாலைந்து நாள் இருக்கும்போது கருப்பையா என்று ஒருவர் வந்தார். தேவகோட்டையில் பாதி வீட்டுக்கு வயரிங் பார்த்தவர். இப்போது வேலையை மகனிடம் விட்டுவிட்டார். பாட்டு கேட்பதில் பைத்தியம். சட்டைப் பையில் பேனாவுக்குப் பதிலாக டெஸ்டர். மூக்கில் கனமான சட்டம் போட்ட கண்ணாடி.

"வாங்கண்ணே, இங்குட்டு உக்காருங்க" என்றார் அண்ணன். திரையை இழுத்துவிட்டு என்னைப் பார்த்தார். பாப்பா அப்போதுதான் தூங்கியிருந்தாள்.

அவர் முன்னால் தேக்கு ஒன்று, வாகை ஒன்று. இரண்டிலும் டிரைவர் ஒன்றேதான். எங்கள் வழக்கப்படி கோவில் மேளம் பதிவு செய்ததைப் போட்டேன். தவிலில் குச்சியால் அடிக்கும் தொப்பிப் பக்கம் கீழே எவ்வளவு இறங்குகிறது என்பதில் ஹெட்போன் தெரிந்துவிடும். வாகையை மாட்டித் தலையாட்டினார். தேக்கை மாட்டினார். தலை நின்றது.

"நாயனம் இதுலதான் தெளிவு. ஆனா அடி இல்லயேத்தா. தவில அடிக்கிறானா தடவுறானா?"

அந்தத் தேக்கைச் சரி என்று சொன்னவள் நான். வாங்கி நானே மாட்டிக் கேட்டேன். அடி தெளிவாக இருந்தது. திரும்பக் கொடுத்தேன். இல்லை என்றார். என் காதில்தான் கோளாறோ, இத்தனை நாள் நான் அனுப்பியதெல்லாம் இப்படித்தான் போயிருக்குமோ என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

அவர் கண் மெதுவாகக் கீழே இறங்கி என் காலில் நின்றது.

"அது என்ன, கால்ல கயிறு?"

காலைச் சேலைக்குள் மறைக்கப் பார்த்தேன்.

"ஓகோ" என்றார் அவராகவே. "எர்த் குடுத்திருக்கீக. அதான் ஒனக்கு மட்டும் கேக்குது. முப்பது வருசமா எர்த் குடுக்குறேன், ஆளுக்கு எர்த் குடுக்குறத இன்னக்கித்தான் பாக்குறேன். உள்ள கம்பி ஓடுதோ?"

அண்ணன் தொண்டையைச் செருமினார். "வெளிய சொல்லாதீகண்ணே" என்றார்.

"எனக்கும் கட்டு, பாப்போம்."

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். கயிற்றை என் விரலிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தேன். கட்டுவதற்கு அவர் குனிந்தார். வேர்வையில் கண்ணாடி வழுக்கியது. கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கட்டைவிரலில் அழகாக ஒரு முடிச்சுப் போட்டார். பிறகு தேக்கை மாட்டினார்.

முகம் மலர்ந்தது. "வந்துருச்சு. அடி வந்துருச்சு."

நான் மேசையில் கிடந்த கண்ணாடியைப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு விளங்கியது. கண்ணாடிக் காம்பு காதுக்கு மேல் பேடைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறது. அந்தச் சந்து வழியாக பேஸ், அதாவது அடியின் கனம், முழுதும் வெளியே போயிருக்கிறது. வாகையில் தடித்த பேட், காம்பைச் சுற்றி அமுங்கிக்கொண்டது. தேக்கில் மெல்லிய பேட், அமுங்க இடம் இல்லை. நான் கண்ணாடி போடாதவள். எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

சொல்ல வாயெடுத்தேன். அண்ணன் கண்ணாலேயே 'சும்மா இரு' என்றார்.

அதற்குள் திரைக்குப் பின்னால் சேலை அசைந்தது. கயிறு விறைத்தது.

கருப்பையா கண்ணை மூடியபடியே சொன்னார்: "அடி கால் வரைக்கும் எறங்குது சரவணா."

மறுபடி இழுபட்டது. அவர் நெற்றி சுருங்கியது. "தவில்காரன் தாளத்த விடுறானே."

பாப்பா அழத் தொடங்கினாள். நல்ல உரத்த அழுகை. அவருக்கு மட்டும் கேட்கவில்லை. கால் கட்டைவிரல் விலுக் விலுக் என்று இழுபட, தவிலுக்குத் தொடையைத் தட்டிக்கொண்டிருந்தார். போய்த் தூக்கினால் எல்லாம் வெளியே தெரியும். தூக்காமல் நின்றால் பிள்ளை அழுகிறது. நான் எதையும் பத்துத் தடவை யோசிப்பவள். அன்று யோசிக்கவில்லை. உள்ளே போய்ப் பாப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, அவருடைய ஒரு காதிலிருந்து கப்பை நகர்த்தினேன்.

"ஐயா, கால்ல இழுத்தது தவில் இல்ல. எம் மக."

5. அவர் கேட்ட கேள்வி

பாப்பா விசும்பிக்கொண்டே அவரைப் பார்த்தாள். அவர் கயிற்றைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். அதே கையோடு மீதியையும் சொன்னேன். "அடி வந்ததும் கயித்தால இல்லய்யா. கண்ணாடியக் கழட்டுனீக, அதான்." வாகையின் பேடைக் கழற்றித் தேக்கில் மாட்டி, கண்ணாடியோடு கேட்கச் சொன்னேன். கேட்டார். அடி இருந்தது. சரவணன் அண்ணன் மரத்தூளைக் காலால் ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"எம்புட்டு நேரமா அழுதுச்சு?" என்று கேட்டார் கருப்பையா.

"கொஞ்ச நேரமாய்யா."

"எனக்குக் கேக்கவே இல்லயே."

மாட்டினார், தூக்கினார். மறுபடி மாட்டினார், தூக்கினார். பாப்பாவுக்கு அது விளையாட்டாகப் பட்டு, அவர் தூக்கும்போதெல்லாம் ஒரு கத்து கத்தினாள். அவர் பெருமூச்சு விட்டார்.

"வீட்ல மக பேறுகாலம் முடிஞ்சு வேலைக்குப் போயிட்டா. பேரனுக்கு நாந்தேன் காவல். ஸ்பீக்கர் வச்சா எந்திரிச்சிருவான். மூடுன ஹெட்போன் வாங்குறேன்னா, அத மாட்டிக்கிட்டு நீங்க புள்ளயப் பாத்த மாதிரிதான்னு எம் பொண்டாட்டி சொல்லுறா. அவ சொல்லுறது சரியாத்தான இருக்கு?"

அவர் காலில் இன்னும் கயிறு இருந்தது. அதை அவர் பார்த்தார், நானும் பார்த்தேன்.

"ஏத்தா, இந்தக் கயித்தையும் சேத்துப் பெட்டியில வையி."

"எர்த் தனியா விக்கிறதில்லண்ணே" என்றார் அண்ணன்.

"நீ பேசாத."

தேக்குக் கப், தடித்த பேட், கயிறு என்று மூன்றையும் எடுத்துக்கொண்டு போனார். அவர் பைக் திரும்பியதும் அண்ணன் வந்து திரையைக் கொக்கியிலிருந்து கழற்றினார். "இனிமே இது வேணாம். கஸ்டமர் வந்தா பாப்பாவ வச்சே சத்தம் நிக்கிறதக் காட்டிரலாம்" என்றார். மூன்று மாதக் கெடுவைப் பற்றி அதன் பிறகு அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

அதனால், புதிதாக வருகிறவர்களே, மரத்தைக் குறை சொல்லும் முன் மாட்டியிருப்பவரின் தலையைப் பாருங்கள். கண்ணாடி, தோடு, பூ, முடி, எது பேடுக்கும் தோலுக்கும் நடுவே நிற்கிறது என்று பாருங்கள். தலைக்கு உறுத்துவது எதுவோ, பெரும்பாலும் சத்தத்தைக் கெடுப்பதும் அதுவே. இதற்காகவே இப்போது மாமனாரின் பழைய கண்ணாடி ஒன்று என் மேசையில் இருக்கிறது. எல்லா ஹெட்போனையும் அதைப் போட்டு ஒரு தடவை, போடாமல் ஒரு தடவை கேட்கிறேன்.

அடுத்த வாரம் கருப்பையாவிடமிருந்து போன் வந்தது. ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தேன்.

"சத்தமெல்லாம் சுத்தம். கயிறுதான் சோபா வரைக்கும் எட்டல. நீளமா ஒண்ணு அனுப்பு."

கடையில் நைலானும் இருந்தது, காட்டனும் இருந்தது. இரண்டையும் காலுக்கு ஒன்றாகக் கட்டிக்கொண்டு மதியம் வரை வேலை செய்தேன். நைலான் விரலை அறுத்தது. காட்டனையே அனுப்பினேன்.