எலும்பு நல்லா கீது

முட்டையின் வெள்ளைக்கரு காய்ந்தால் ஒரு வாடை வரும்... நாட்டுக் கட்டு போட்டுக்கொண்டவர்களுக்குத் தெரியும். மருந்துப் பொடியை வெள்ளைக்கருவில் குழைத்து, துணியில் தடவி, முட்டியைச் சுற்றி இறுக்கிக் கட்டுவார்கள். காய்ந்ததும் தோலைப் பிடித்து இழுக்கும். இன்றைக்கும் வீட்டில் ஆம்லெட்டுக்கு முட்டை உடைத்தால் நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன்.

நான் ஃபுட்பால் பிளேயர். சரி... பிளேயராக இருந்தவன்.

தொண்ணூறுகளில் செங்கல்பட்டு ஸ்டேஷனில் கிட் பேக்கோடு எலக்ட்ரிக் ட்ரெயின் ஏறி, சென்னையில் லீக் ஆடி, அங்கிருந்து மாலத்தீவு போனேன். அதுவரை எங்கள் தெருவில் யாரிடமும் பாஸ்போர்ட் கிடையாது. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர்கள். பந்து உதைத்தால் சம்பளம் என்று சொன்னபோது அப்பா நம்பவே இல்லை.

"ஆட்றதுக்கு டப்பு தராங்களா? இன்னாடா பேசுற!"

மாலேயில் எந்தத் தெருவில் நடந்தாலும் முடிவில் கடல். அடுத்து டாக்கா... முழங்கால் வரை சேறு. கோல் போட்டால் ரிக்‌ஷாக்காரர் காசு வாங்க மாட்டார், தோற்றால் ஏற்றவே மாட்டார். அப்புறம் மஸ்கட். பகலில் தலைகாட்ட முடியாத வெயில், பொழுது சாய்ந்துதான் பிராக்டிஸ். எங்கள் தெருவில் போன் இருந்தது டெய்லர் கடையில்தான்; அந்த பி.பி. நம்பருக்குப் போட்டால் அம்மா ஓடி வந்து, தூரத்து ஊர் என்று கத்திக் கத்திப் பேசும். "இன்னா துன்ன? சோறு கீதா அங்க?" மேட்ச் பற்றி ஒரு வார்த்தை கேட்டது கிடையாது.

ஊரில் என் பெயரே 'ஃபாரின்' ஆகிவிட்டது.

அதற்கும் அடுத்து மலேசியா. அதுவரை நான் ஆடியதையெல்லாம்விடப் பெரிய டீம். கான்ட்ராக்ட் பேசி முடித்துவிட்டு, பொங்கலுக்கு ஊருக்கு வந்தேன்.

காணும் பொங்கலன்று மாமல்லபுரம் பக்கம், சவுக்குத் தோப்பை ஒட்டிய மணலில் பசங்கள் டோர்னமென்ட் வைத்திருந்தார்கள். வேடிக்கை பார்க்கத்தான் போனேன். கூடப் படித்த செல்வம் மைக்கை விட்டுவிட்டு ஓடி வந்தான்.

"மச்சான், பத்து நிமிஷம் எறங்கு."

"வேணாண்டா. அடுத்த வாரம் ஃப்ளைட்டு."

"ஃபாரின் ஆடப் போறான்னு மைக்ல சொல்ட்டேன்டா! மானத்த வாங்காத."

இறங்கினேன். வெறுங்கால். பந்தை வாங்கித் திரும்பினேன்... கால் மணலில் புதைந்து நின்றது, உடம்பு மட்டும் திரும்பியது. முட்டிக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். என் பக்கத்தில் ஆளே இல்லை.

ஆட்டோவில் தூக்கிப் போட்டு நேராகக் கட்டு போடுபவரிடம் கொண்டுபோனார்கள். எங்கள் பக்கம் கை, கால் என்றால் முதலில் அங்கேதான். அவர் கண்ணை மூடிக்கொண்டு முட்டியை அமுக்கி அமுக்கிப் பார்த்தார்.

"எலும்பு நல்லா கீது நைனா. நரம்புதான் பெசகிக்கினு கீது. ரெண்டு கட்டு போட்டா ஓடுவ."

அவர் சொன்னது பொய்யில்லை. எலும்பு நன்றாகத்தான் இருந்தது. எங்களுக்குத் தெரிந்து காலுக்குள் இருப்பது எலும்பு ஒன்றுதான். அது உடையாவிட்டால் காலுக்கு ஒன்றுமில்லை. செல்வம் என்னைக் கட்டிப்பிடித்து அழுதே விட்டான். தெரு முழுக்க அதே பேச்சு... "எலும்பு நல்லா கீதாம்!" அம்மா திருக்கழுக்குன்றம் மலையேறி வேண்டுதலை முடித்தது. மூன்று நாட்டில் ஓடியவன், கட்டுக் காலோடு கீழே முதல் படியில் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு எனக்குச் சிரிப்புதான் வந்தது.

ஃப்ளைட்டைத் தள்ளிப் போட்டேன். வீக்கம் வடிந்தது. நேராக ஓடிப் பார்த்தேன், வலியே இல்லை. கிளம்பினேன்.

மலேசியாவில் முதல் பிராக்டிஸ். பந்தை வாங்கித் திரும்பினேன். முட்டி தனியாகக் கழன்று போனது போல இருந்தது... விழுந்தேன். ஸ்கேன் எடுத்தார்கள். டீமில் மசாஜ் போடுபவர் தமிழர், ரிப்போர்ட்டை அவர்தான் எனக்குச் சொன்னார்.

"எலும்புக்கு ஒண்ணும் இல்ல தம்பி. உள்ள தசைநார் அறுந்துபோச்சு லா. அதோட ஓடி, பக்கத்துல இருக்கிறதும் கிழிஞ்சிருக்கு. ஊர்ல யாரும் சொல்லலையா?"

ஆபரேஷன் செய்தாலும் பழைய மாதிரி ஆட முடியாது என்றார்கள். கான்ட்ராக்ட் அதோடு போச்சு. திரும்பி வரும் ஃப்ளைட்டில் பக்கத்து சீட்காரர், "என்ன வேலை பாக்குறீங்க?" என்று சாதாரணமாகக் கேட்டார். ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன்.

செல்வம் அப்புறம் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. அவன்மேல் கோபமில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். அம்மா மட்டும் சாகும்வரை, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லும்: "எலும்பெல்லாம் நல்லாத்தான் கீது... எவன் கண்ணு பட்ச்சோ, ஆட முடியாம பூட்ச்சு."

இப்போது மறைமலைநகரில் ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் வேலை. கம்பெனி பஸ்ஸில் கால் நீட்ட வசதியான சீட்டை எனக்கு விட்டுவிடுவார்கள். "ஃபாரின், இங்க குந்து." ஏன் அந்தப் பெயர் என்று புதுப் பசங்களுக்குத் தெரியாது. நானும் சொல்வதில்லை. அவர்கள் சாயங்காலம் டர்ஃபில் ஆடுகிறார்கள். முட்டி லேசாகப் பிசகினால் அன்றைக்கே ஸ்கேன். அறுந்த நாரின் இங்கிலீஷ் பெயரைத் தண்ணீர் பட்ட பாடாகச் சொல்கிறார்கள். நன்றாக இருக்கட்டும்... ஆனால் கேட்கும்போது வயிறு எரிகிறது. அந்த ஒரு வார்த்தை அன்றைக்கு எங்கள் தெருவில் ஒருத்தருக்காவது தெரிந்திருந்தால்...

போன வாரம் கம்பெனியில் மெடிக்கல் செக்கப். நான் நொண்டுவதைப் பார்த்து எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்கள். சின்னப் பெண் டாக்டர். படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பயப்படாதீங்க சார். வயசுக்கு உள்ள தேய்மானம்தான். மத்தபடி எலும்பு நல்லா இருக்கு."

"தெரியும் டாக்டர்," என்றேன். "அது எப்பவுமே நல்லாத்தான் கீது."