கடைசிப் பதினாறு பக்கங்கள்

என் வீட்டுக்காரர் கிச்சாவுக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆனால் பேய், பறக்கும் தட்டு, காலத்தைத் தாண்டிப் போகும் யந்திரம், மூன்று தலை ராஜகுமாரன் என்று யாராவது தமிழில் புத்தகம் போட்டால் முதல் பிரதி மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். மற்ற நாட்களில் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் ஃபைல் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை 'கிச்சாவும் வேற்றுக்கிரகமும்' என்கிற யூட்யூப் சேனலில் புத்தக விமர்சனம், எழுத்தாளர் பேட்டி. ஒன்பது வருஷமாக நடக்கிறது. செல்போனை ஸ்டாண்டில் மாட்டிப் படம் பிடிப்பதும், பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வெட்டி ஒட்டுவதும் ஜானகியாகிய நான். சம்பளம் கிடையாது, திட்டும் உரிமை மட்டும் உண்டு.

ஒவ்வொரு நிகழ்ச்சியும் ஒரே வாக்கியத்தில்தான் தொடங்கும்: "கடைசி வரி வரைக்கும் படிச்சவன் பேசறேன்." மற்ற விமர்சகர்கள் எல்லாம் பின்னட்டையைப் பார்த்துவிட்டுப் பேசுகிறவர்கள் என்பது அவர் கட்சி. இவர் அப்படியில்லை. மாம்பலம் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது படிப்பார். குக்கர் விசிலை எண்ணச் சொல்லிவிட்டு நான் மாடிக்குப் போனால், எண்ணாமல் படிப்பார். இரண்டு தரம் படிக்காமல் எந்தப் புத்தகத்தைப் பற்றியும் அவர் வாய் திறந்ததில்லை. அந்தக் கர்வம் அவருக்கு இருந்தது. எனக்கும் கொஞ்சம் இருந்தது என்பதை மறைப்பானேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் 'ஏழாம் காற்றறை' என்று ஒரு நாவல் வந்தது. எழுதியவர் ஷரஃபுதீன், திருவல்லிக்கேணியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவர். முதல் புத்தகம், முந்நூறு பிரதி. நிலாவில் குடியேறிய மனிதர்களின் கதை அது. வெளியிலிருந்து வருகிறவர்கள் வீட்டுக்குள் நுழையும் முன் நின்று காற்று மாற்றிக்கொள்ள ஒரு சின்ன அறை உண்டு, அதுதான் காற்றறை. பள்ளிக்கூட விண்கலத்தில் போன பதினோரு வயது மகள் திரும்பவில்லை. தாய் தினமும் அந்த அறையின் கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். இருபது வருஷம் கழித்துக் கதவு தட்டப்படுகிறது. "அம்மா, நான்தான்" என்று அதே பதினோரு வயதுக் குரல். தாய் எழுந்து போய்க் கதவருகில் நிற்கிறாள். இருநூற்று எட்டாம் பக்கத்தின் அடியில் ஒரு முற்றுப்புள்ளி. அதற்கப்புறம் பின்னட்டை.

கிச்சா அன்று சாப்பிடக்கூட எழுந்து வரவில்லை. மறு ஞாயிறு அரை மணி நேரம் அந்த முடிவைப் பற்றி மட்டுமே பேசினார். கதவைத் திறக்காமல் விட்டதில்தான் இந்த நாவல் இருக்கிறது, திறந்திருந்தால் அழுகைக் கதையாகப் போயிருக்கும் என்றார். கீழே வரிசையாகக் கருத்துகள் வந்தன. எல்லோரும் அந்த முடிவைப் புகழ்ந்தார்கள். அவர்களில் ஒருவர்கூடப் புத்தகத்தைப் படிக்கவில்லை என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

பேட்டிக்கு ஷரஃபுதீன் வீட்டுக்கே போனோம். வாலாஜா மசூதிக்குப் பின்புறம், தரைத்தளத்தில் ஒரே ஒரு கூடம். ஆணியில் ஒரு பள்ளிக்கூடப் பை மாட்டியிருந்தது. அவர்களுடைய மகள் ரூஹியின் பை. பதினோரு வயதில் ஐந்து நாள் காய்ச்சலில் போய்விட்டாள் என்று அவர் மனைவி அஸ்மத்துன்னிசா டீ கொடுக்கும்போது என்னிடம் சொன்னார். வீட்டில் உருது பேசுகிறவர்கள். அந்த அம்மாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. கணவர் எழுதியதையெல்லாம் அவரே படித்துக் காட்டியிருக்கிறார்.

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. கதவை மூடியே வைத்து முடிக்கும் தைரியம் எங்கிருந்து வந்தது என்று கிச்சா கேட்டார். ஷரஃபுதீன் பதில் சொல்லவில்லை. டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து கேட்டார்.

"கடைசி வரைக்கும் படிச்சீங்களா சார்?"

"ரெண்டு தரம்" என்று கிச்சா சிரித்தார்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் சார்" என்றார் அவர்.

அந்த இடத்தை நான் வெட்டிவிட்டேன். பதினாலு விநாடி மௌனம் இருந்தால் பார்க்கிறவர்கள் வேறு வீடியோவுக்குப் போய்விடுவார்கள் என்று கிச்சா எனக்குப் பாடம் எடுத்திருக்கிறார். தவிர, என் வீட்டுக்காரரைப் பார்த்து அப்படி ஒரு கேள்வி கேட்டது எனக்குப் பிடிக்கவில்லை.

ஆறு மாதத்தில் இரண்டாம் பதிப்பு வந்தது. 'திறக்காத கதவே இந்த நாவல்' என்று கிச்சாவின் பெயரோடு பின்னட்டையில் போட்டிருந்தார்கள். ஒரு வாரம் அந்தப் புத்தகத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தார். ஷரஃபுதீன் அப்புறம் எதுவும் எழுதவில்லை. போன வருஷம் கடையில் வேலையாக இருந்தபோதே மாரடைப்பு. துக்கம் விசாரிக்கப் போய்விட்டு வந்தோம்.

இந்த வருஷம் தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், வாசல் மணி அடித்தது. அஸ்மத்துன்னிசா நின்றுகொண்டிருந்தார். உள்ளே வாருங்கள் என்று மூன்று தரம் கூப்பிட்ட பிறகுதான் வந்தார். உட்காரவில்லை. பையிலிருந்து கணவரின் புத்தகத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"சார், அவுரு எனக்குப் படிச்சுக் காட்டச் சொல்லோ எங்க பொண்ணு உள்ள வந்துச்சு. இப்ப பக்கத்து வூட்டுப் பொண்ணு புதுசா வந்த புக்கைப் படிக்கச் சொல்லோ வெளியவே நின்னுகினு கீது. நடுவுல இன்னா ஆச்சு?"

கதை முதலிலிருந்தே அப்படித்தான் முடிகிறது என்று கிச்சா பொறுமையாக எடுத்துச் சொன்னார். அந்த அம்மா மறுத்துப் பேசவில்லை. தன் கையிலிருந்த முதல் பதிப்பைப் பிரித்து நீட்டினார். இருநூற்று எட்டுக்கு அப்புறம் இருநூற்று ஒன்பது இருந்தது. இருநூற்று இருபத்துநாலு வரை இருந்தது.

கிச்சா அலமாரியிலிருந்து தன் பிரதியை எடுத்துவந்தார். இருநூற்று எட்டு, பின்னட்டை. முதுகுப்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். புத்தகத்தைப் பதினாறு பதினாறு பக்கமாக அச்சிட்டு மடித்துத்தான் தைப்பார்கள், அந்த மடிப்பை ஃபாரம் என்பார்கள். அவருக்கு வந்த பிரதியில் பைண்டர் கடைசி ஃபாரத்தைச் சேர்க்காமல் விட்டிருந்தார். வாக்கியம் பாதியில் நின்றிருந்தால் கண்டுபிடித்திருப்பார். அந்தப் பக்கம் முற்றுப்புள்ளியில் முடிந்து தொலைத்தது.

"நீங்க பேட்டி எடுத்த அன்னைக்கு ராத்திரி உங்களைப் பத்தித்தான் பேசிகினு இருந்தாரு" என்றார் அஸ்மத்துன்னிசா. "ரெண்டு தபா படிச்ச பெரிய மனுஷன், கடைசிப் பக்கமெல்லாம் வாணாம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லாம நாசூக்கா சொல்லிட்டுப் போயிருக்காருன்னாரு. புது புக்குல அத்த எடுத்துட்டாருன்னு எனக்கு சொல்லவேயில்ல சார். அப்புறம் நான் தாப்பாப் போட்டா அவுரு போயி எடுத்துவுடுவாரு. தெனமும்."

அந்த அம்மா கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை என்று எனக்குத் தோன்றியது.

"உங்க பேச்சாலதான் வெளிய நின்னுச்சு. நீங்களே உள்ள வுடுங்க" என்று சொல்லி, புத்தகத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று மாலையே கிச்சா அந்தப் பதினாறு பக்கத்தைப் படித்தார். நானும் படித்தேன். தாய் கதவைத் திறக்கிறாள். இவ்வளவு நேரமா வருவதற்கு என்று மகளைத் திட்டுகிறாள். கால் கழுவ வைக்கிறாள், தலையில் எண்ணெய் வைத்துச் சிக்கெடுக்கிறாள், சோறு போடுகிறாள், இன்னும் கொஞ்சம் என்கிறாள். பதினாறு பக்கமும் இவ்வளவுதான். நிலாவும் இல்லை, விஞ்ஞானமும் இல்லை. எனக்கு அழுகை வந்தது. கிச்சா புத்தகத்தை மூடிவிட்டுச் சொன்னார்.

"ஜானகி, முழுசாப் படிச்சிருந்தேன்னா, நானே இதை வெட்டச் சொல்லியிருப்பேன்."

பைண்டர் மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். அந்த வாய்ப்பையும் இந்த மனுஷர் தானாகவே கெடுத்துக்கொண்டார்.

பதிப்பாளருக்கு ஃபோன் செய்தார். அடுத்த பதிப்பில் சேர்த்துவிடலாம் என்றார்கள், அடுத்த பதிப்பு எப்போது என்று சொல்லவில்லை. மிச்சம் இருந்தது சேனல்தான். அங்கே போய், நான் கடைசி வரைக்கும் படிக்காமல் பேசினேன் என்று எப்படிச் சொல்வது? ஒன்பது வருஷப் பெயர் அந்த ஒரு வாக்கியத்தில் நின்றது. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போனார்.

அதற்குள் எங்கள் வீடு கெட்டுப்போயிற்று. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய் வாசலைத் திறந்து பார்ப்பார். யாரும் இருக்க மாட்டார்கள். புதுப் புத்தகம் வந்தால் படிக்காமல் மடிப்புகளை எண்ணிக்கொண்டிருப்பார். முதலில் கேலி செய்தேன். பிறகு ஒருநாள், நல்ல வெயில் நேரத்தில், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த எனக்கே கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. இரண்டு தட்டு, தாழ்வாக, குழந்தையின் கை எட்டுகிற உயரத்திலிருந்து வருவதுபோல. ஈரக்கையோடு ஓடிப்போய்த் திறந்தேன். எதிர்வீட்டுப் பூட்டுதான் தெரிந்தது. எனக்குப் பயமாக இருந்தது. அதைவிட, உள்ளே வா என்று சொல்ல வாயெடுத்ததை நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது.

அந்த மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேட்டியின் வெட்டாத பதிவைக் கம்ப்யூட்டரில் தேடி எடுத்து, கிச்சாவை உட்கார வைத்துப் போட்டுக் காட்டினேன். பதினாலு விநாடி. ஷரஃபுதீனின் கண்கள் டீ கிளாஸிலிருந்து ஆணியில் தொங்கும் பைக்குப் போகின்றன. அங்கிருந்து கிச்சாவின் முகத்துக்கு வருகின்றன. அப்புறம் அந்தக் கேள்வி. "ரெண்டு தரம்" என்கிற சிரிப்பு.

"வெட்டினது நான்தாண்ணா. என் பேரையும் சேர்த்துச் சொல்லுங்கோ" என்றேன்.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டார். திருவல்லிக்கேணிக்கு அப்போதே கிளம்பினோம்.

அதே கூடம், அதே நாற்காலி. செல்போனை ஸ்டாண்டில் வைத்தேன். அஸ்மத்துன்னிசா எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"கடைசி வரி வரைக்கும் படிக்காதவன் பேசறேன்" என்று கிச்சா ஆரம்பித்தார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். என் பெயரையும் சொன்னார். பிறகு இருநூற்று ஒன்பதாம் பக்கத்தைப் பிரித்தார். தாய் தாழ்ப்பாளை நீக்குகிற முதல் வரியைப் படித்ததும் அஸ்மத்துன்னிசா எழுந்தார். போய்த் தெருக்கதவின் தாழ்ப்பாளை நீக்கினார். இரண்டு பக்கமும் விரியத் திறந்துவைத்துவிட்டு, சுவரோரமாக ஒதுங்கி நின்றார். ஒருவர் உள்ளே வரும் அளவுக்கு நேரம் கொடுத்துவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்தார்.

கிச்சா படித்தார். எண்ணெய் வைக்கிற இடத்தில் அந்த அம்மாவின் விரல்கள் மடியில் அசைந்துகொண்டிருந்தன. சோறு போடுகிற இடத்தில் அவர் சிரித்தார். நான் அவர் சிரித்துப் பார்த்ததே இல்லை. இருநூற்று இருபத்துநாலாம் பக்கம் வந்தது, கடைசி வரி வந்தது. நிகழ்ச்சி முடிவில் வழக்கமாகச் சொல்லும் மதிப்பெண்ணைக் கிச்சா சொல்லவில்லை. வெட்டுவதற்கு இதில் ஒன்றும் இல்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பாரம் இறங்கிவிட்டதாகத்தான் இருவருக்கும் தோன்றியது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, கொசு வர ஆரம்பித்திருந்தது. ஸ்டாண்டை மடித்துப் பையில் போட்டுவிட்டு, உதவியாக இருக்கட்டுமே என்று கதவைச் சாத்தப் போனேன்.

"இருக்கட்டும்மா" என்றார் அஸ்மத்துன்னிசா. "அவுரு இன்னும் வரல."

கிச்சா என்னைப் பார்த்தார். நான் கதவிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன். செருப்பைப் போட்டுக்கொண்டு இருவரும் வெளியே வந்தோம். தெருமுனை திரும்பும்போது பார்த்தேன், கதவு திறந்தேதான் இருந்தது.