விளக்கு மங்கினால் இறங்கும் பாட்டு

இந்த ஊரில் காய்கறிக் கடை பாடுகிறது. ஸ்வீடன் நாட்டுக் கோத்தன்பர்க் நகரத்தின் ஓரத்தில், எங்கள் குடியிருப்புக்குக் கீழே இருக்கும் கடையைச் சொல்கிறேன். உள்ளே நுழைந்ததிலிருந்து வெளியே வரும்வரை கூரையிலிருந்து பாட்டு ஒழுகிக்கொண்டே இருக்கும். வெங்காயம் பொறுக்கும்போது ஒருத்தி பாடுவாள், பால் எடுக்கும்போது வேறொருத்தி பாடுவாள், என் காதுக்கு இருவரும் ஒரே ஆள்தான். யாரும் தலையாட்டுவதில்லை, யாரும் கூடவே முணுமுணுப்பதும் இல்லை. சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்து டீக்கடையில் பிடிக்காத பாட்டு ஓடினால் லாரி டிரைவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "இன்னாப்பா பாட்டு இது, மாத்து" என்பார். பிடித்த பாட்டு வந்துவிட்டால் ஏற வேண்டிய பஸ்ஸை விட்டுவிட்டு நிற்கிற ஆட்களையும் நான் பார்த்திருக்கிறேன். ஒருநாள் இந்தக் கடையில் பணம் வாங்கும் பெண்ணிடம், "இப்போது பாடுவது யார்?" என்று கேட்டேன். அவள் முகம் சிவந்துவிட்டது. "மன்னிக்கவும், சத்தம் அதிகமா? குறைக்கச் சொல்கிறேன்" என்றாள். சொன்னபடியே குறைத்தும் விட்டார்கள். பாடியது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்போதெல்லாம் பாட்டில் கற்பனை செத்துவிட்டது என்று ஊரிலிருந்து பேசுகிறவர்களும் சொல்கிறார்கள், இங்கே என்னோடு வேலை செய்கிறவர்களும் சொல்கிறார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. பாடுகிறவர்களுக்கு மூளை மழுங்கிவிட்டது என்று நான் நம்பவில்லை. அவர்களைத் தப்புச் செய்ய விடுவதில்லை, அதுதான் கோளாறு. இதை நான் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. என் தொண்டைக்கே நடந்ததை வைத்துச் சொல்கிறேன்.

இந்த நாட்டில் பேட்டைக்குப் பேட்டை சேர்ந்து பாடும் குழு உண்டு. ஷோர் என்பார்கள். நான் பகலில் ஒரு பாலர் பள்ளியின் சமையலறையில் வேலை செய்துவிட்டு, செவ்வாய்க்கிழமை மாலைகளில் எங்கள் பேட்டை ஷோரில் போய்ப் பாடுகிறேன். பாடி முடித்ததும் ஃபிகா, அதாவது காப்பியும் இனிப்பு பன்னும். இந்த ஆண்டு, வெளிநாட்டிலிருந்து வந்த உறுப்பினர்கள் ஆளுக்கொரு சொந்த ஊர்ப் பாட்டைப் பாட வேண்டும், அதைப் பதிவுசெய்து பேட்டை விழாவில் ஒலிபரப்பலாம் என்று முடிவுசெய்தார்கள். பதிவு செய்தவன் எமில். என் மகன் வயதுதான் இருக்கும், பொறுமையான பிள்ளை. நான் பாடிவிட்டு வந்த மறுவாரம் என்னை உட்காரவைத்து, காதில் மாட்டிக் கேட்கச் சொன்னான்.

கேட்டேன். வார்த்தைகள் என்னுடையவை, மூச்சு என்னுடையது, குரல் மட்டும் வேறு யாருடையதோ. மெல்லிசாக, உயரத்தில், ஓட்டமும் நடையுமாகப் போனது. எமில் சிரித்துக்கொண்டே சொன்னான். "அசல் பாட்டை இணையத்தில் கண்டுபிடித்துவிட்டேன். நீங்கள் சுருதியை இறக்கிப் பாடியிருக்கிறீர்கள், வேகமும் குறைவு. கவலைப்படாதீர்கள், எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டேன்."

"பழையபடி மாற்றிவிடு" என்றேன்.

நான் வெட்கப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டான். "இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. பெரிய பாடகர்களுக்கும் இதையேதான் செய்கிறார்கள்" என்று ஆறுதல் சொன்னான்.

அவனுக்கு ஸ்வீடிஷில் திக்கித் திணறிச் சொன்ன கதையை உங்களுக்குத் தமிழில் நன்றாகவே சொல்லிவிடுகிறேன். 1991இல் நான் மண்ணூரில் இருந்தேன். தேவாலயத்தில் பாடுவேன், மற்ற நாட்களில் பாஸ்கர் அண்ணாவின் ஆர்கெஸ்ட்ராவில் பாடுவேன். அவர், ஊருக்குப் பக்கத்தில் இரும்பை உருக்கி வார்க்கும் ஃபவுண்டரியில் ஃபிட்டர். ஓய்ந்த நேரத்தில் கீபோர்டு வாசிப்பார். எங்கள் தொழிலுக்கு ஒரே சட்டம்தான் இருந்தது. கேசட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே மேடையில் வர வேண்டும். ஒரு சங்கதி பிசகினால் முன்வரிசையிலிருந்தே குரல் வரும். எனக்கோ தடித்த குரல். அந்தக் காலத்துச் சினிமாப் பாடகிகளின் உயரத்துக்கு ஏறினால் கீச்சென்று போகும். "உனுக்கு சோகப் பாட்டு தாம்மா செட் ஆவும்" என்று சொல்லி என்னை ஓரமாகவே வைத்திருந்தார்கள்.

அந்த ஆண்டு ஆயுத பூஜைக்கு முன்பு புதுப்படத்தின் பாட்டு ஒன்று கேசட்டில் வந்தது. வானொலியில் இன்னும் போடவில்லை. பாஸ்கர் அண்ணா முதல் ஷிப்ட் முடிந்து வந்ததும் மாலையில் அவர் வூட்டில் ஒத்திகை. பேட்டரி வாங்கக் காசில்லாமல், டேப் ரெக்கார்டரை வீட்டுக் கரண்டில் ஓடவைக்கும் எலிமினேட்டரில் மாட்டிப் பாட்டைப் போட்டார். எனக்குச் சிலிர்த்துவிட்டது. பாடிய பெண்ணுக்கு என் குரல். தடித்த குரல், அவசரமில்லாத குரல். சினிமாவுக்கும் நம்மைப் போல ஒருத்தி வந்துவிட்டாள் என்று அன்று இரவு எனக்குச் சோறே இறங்கவில்லை. பாட்டு மெதுவாகப் போனதால் அடிக்கு அடி நடுவே இடம் இருந்தது. அந்த இடத்தில் பாஸ்கர் அண்ணா தன் விரலுக்கு வந்ததையெல்லாம் வாசித்தார், டோலக்கு வாசிக்கிறவர் தன் பங்குக்கு உருட்டினார், நானும் சரணத்தின் முடிவில் ஒரு ஹம்மிங்கை இழுத்துவிட்டேன். ஆயுத பூஜைக்கு ஃபவுண்டரியிலேயே கச்சேரி. இந்தப் பாட்டை நானே பாடுவது என்று முடிவானது. முதல்முறையாக ஆர்கெஸ்ட்ராவின் நடுவில் நிற்கப்போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்.

பூஜை அன்று காலை கடைசியாக ஒருமுறை கேட்டுவிடலாம் என்று கேசட்டைப் போட்டார்கள். பாட்டு பிய்த்துக்கொண்டு ஓடியது. அந்தப் பெண் எங்கோ உயரத்தில், மெல்லிய குரலில் பாடினாள். மெஷின் கெட்டுவிட்டது என்று டோலக்குக்காரர் அதைத் தட்டிப் பார்த்தார். பாஸ்கர் அண்ணா மட்டும் தலைக்கு மேலே எரிந்த பல்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். பட்டப்பகலிலும் அது பளீரென்று எரிந்தது.

"இன்னிக்கு ஃபர்னஸ் ஓடல இல்ல" என்றார். "தெனம் சாயங்காலம் ரெண்டாவது ஷிப்ட்டுக்கு ஃபர்னஸ் போட்டா ஊருல வோல்டேஜ் எறங்கிடுது. லைட்டு மங்கிப்பூடுது. டேப்பும் இழுத்துகினு ஓடிகீது. நாம கத்துகினது அந்தப் பாட்டத்தான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பாட்டைத் தப்பாகக் கற்றதற்காக அல்ல. எனக்கென்று ஒரு பாடகி இருக்கிறாள் என்று நம்பியிருந்தேன், அவள் இல்லை. கரண்ட் குறைந்ததால் வந்த குரல் அது. "வேற யாரையாவது பாட சொல்லுங்கண்ணா" என்றேன்.

அவர் கேசட்டை வெளியே எடுத்து டப்பாவில் போட்டு மூடினார். "இத்த பாடறதுக்கு ஆயிரம் ஆர்கெஸ்ட்ரா கீது. அந்தப் பாட்ட பாடறதுக்கு நீ ஒருத்திதான் கீற. கெளம்பு" என்றார்.

அந்த ஆண்டு மே மாதம் பக்கத்து ஊரில் இரவுத் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்த பிறகு எங்கள் பக்கத்தில் இரவுக் கச்சேரி வைக்க யாரும் சுலபமாகத் துணியவில்லை. அதனால் மத்தியானமே மேடை. இயந்திரங்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். உலை அணைந்து கிடந்தது. கையில் பொரிப் பொட்டலத்தோடு மண்ணூர்க்காரர்களும் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்களும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மெதுவாக, என் கட்டையிலேயே பாடினேன். ஹம்மிங்கையும் விடவில்லை. பாடி முடித்ததும் எழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. "ஒன்ஸ்மோர்" என்று ஷெட்டே கத்தியது. இறங்கி வந்தபோது சென்னையிலிருந்து வந்திருந்த ஆபீசர் ஒருவர், "நல்லா பாடினம்மா, ஆனா ஒரிஜினல் மாதிரி இல்லியே. என் கார்ல கேசட் இருக்கு, ரொம்ப ஃபாஸ்ட்டா போகும்" என்றார். நான் தலை குனிந்தேன். அவருக்குப் பின்னாலேயே, ஃபவுண்டரியில் வார்ப்பு அச்சு செய்யும் மோல்டர் ஒருவர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "சூப்பர்மா. கேசட்ல கீற மாதிரியே அச்சு அசலா பாடிட்ட" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. இரண்டாவது ஷிப்ட் இல்லாத வாரங்களில் அவரும் மாலையில் தன் வூட்டில் அந்தக் கேசட்டைப் போட்டுக் கேட்டவர்தான். எங்கள் ஊர்கள் அத்தனைக்கும் அந்தப் பாட்டு அப்படித்தான் இருந்தது. எந்த இசையமைப்பாளருக்கும் தெரியாமல் எங்களிடம் ஒரு பாட்டு பிறந்திருந்தது. எங்கள் ஊர்ப் பக்கத்தின் பெயரைச் சொன்னால் உலகத்துக்கு அந்த மே மாதம் நினைவுக்கு வரும், கொஞ்சம் பிந்திப் பிறந்தவர்களுக்குக் காரும் செல்போனும் செய்யும் கம்பெனிகள் நினைவுக்கு வரும். எனக்கு அந்தப் பாட்டுதான். அதில் எனக்கு இருக்கும் கர்வத்தை நான் மறைக்கப்போவதில்லை.

எமில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்படியானால் இது அந்தத் தொழிற்சாலையின் பாட்டா?" என்றான். அரைகுறையாகப் புரிந்துகொண்டான் என்று முதலில் நினைத்தேன். யோசித்தால் அவன் கேட்டது சரிதான். "பாதி அதனுடையது, பாதி என்னுடையது" என்றேன். அவன் தான் சரிசெய்ததையெல்லாம் ஒவ்வொன்றாக நீக்கினான். என் குரல் படி இறங்குவதுபோல இறங்கி இறங்கி, என் இடத்துக்கு வந்து நின்றது. விழாவிலும் அப்படியேதான் ஒலித்தது.

அதைப் பாஸ்கர் அண்ணாவுக்கு அனுப்பினேன். ஃபவுண்டரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் ஆர்கெஸ்ட்ராவை அவர் விடவில்லை. போனில் பேசினார். "இப்பல்லாம் இன்னாம்மா வாசிக்கிறோம்? பென்டிரைவ சொருவுனா அதுவே வாசிக்குது. நாங்க கைய ஆட்டிகினு நிக்கிறோம்" என்றார். பிறகு போனில் என் குரலே கேட்டது, நான் அனுப்பியதை அங்கே ஓடவிட்டிருந்தார். "அந்த ஹம்மிங்க நீ வுடவே இல்ல பாரு" என்றார். வோல்டேஜ் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "அதெல்லாம் சூப்பரா கீது. இத்தினி கம்பெனி வந்துச்சு, லைட்டு மங்கறதே இல்ல" என்றார். சொன்ன தொனியில் சந்தோஷம் இருந்ததா, இல்லையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இங்கேயும் மங்குவதில்லை. குளிர்காலத்தில் மத்தியானமே இருட்டிவிடும், எங்கள் வீட்டுச் சமையலறை விளக்கைப் போட்டால் போட்டபடி எரியும். மாலையில் அந்த ஃபவுண்டரியின் இரண்டாவது ஷிப்ட் தொடங்கும் நேரம் ஆனால் என்னையறியாமல் தலை தூக்கி அதைப் பார்ப்பேன். வேலை முடிந்து வரும் என் கணவர், "யார எதிர்பாக்கிற?" என்று கேலி செய்வார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அது இறங்கப்போவதில்லை என்று தெரிந்த பிறகு, நானே சுருதியை இறக்கி அந்தப் பாட்டை எடுப்பேன்.