மேப்பில் இல்லாத சுவர்

எங்கள் தெரு ஒரு சுவரில் போய் முட்டி நிற்கும். கோவிலம்பாக்கத்தில் நாங்கள் மனை வாங்கியபோது அந்தச் சுவர் இல்லை. ஏரிப்பக்க நிலத்தை ஒருவர் பிளாட் போட்டு எங்களுக்கு விற்றார், ஒட்டியிருந்த வயலை இன்னொருவர் வேறொரு நகராக்கி விற்றார். இரண்டு நகர்களின் தெருக்களும் நேராகச் சேர்ந்துகொண்டன. அந்த நகர் வழியாகப் போனால் மெயின் ரோடு கூப்பிடு தூரம்தான்.

வீடுகள் பெருகப் பெருக, எங்கள் வண்டிகளெல்லாம் அவர்கள் தெருவில் ஓடின. ஒருநாள் அவர்களுடைய குடியிருப்போர் சங்கம் குறுக்கே சுவரை எழுப்பிவிட்டது. சண்டைக்குப் போனேன். "உங்க டிராஃபிக்க நாங்க எதுக்கு மேடம் தாங்கணும்? எங்க பசங்க விளையாட வேணாமா?" என்றார் சங்கச் செயலாளர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதன்பிறகு எல்லோரும் ஏரிக்கரையைச் சுற்றித்தான் போனோம். அந்த நகருக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் மட்டும் சுற்றவில்லை. சுவரின் இருபுறமும் ஹாலோ பிளாக் கற்களை அடுக்கி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி இறங்கினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருந்த என் கணவர் தட்டைத் தள்ளிவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். சைரன் சத்தம் பக்கத்தில்தான் கேட்டது. வண்டி வரவில்லை, டிரைவரின் போன்தான் வந்தது.

"இன்னாக்கா இது! மேப்புல ரோடு நேரா போவுது, இங்க பார்த்தா செவுரு கீது!"

"ஏரிக்கரை வழியா சுத்தி வாங்கண்ணா, சீக்கிரம்!"

"அங்க பைப்பு போட பள்ளம் தோண்டி வெச்சுகிறாங்கக்கா. வண்டி போவாது."

பாவிகளா, நன்றாக இருப்பீர்களா! அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவர்வரை தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்த ஹாலோ பிளாக் கற்கள்மேல் ஏறி நாற்காலியோடு உயர்த்தினார்கள். சுவர்மேல் அது ஒருபக்கம் சாய்ந்தபோது எனக்கு உயிரே போய்விட்டது. அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு கைகள் நீண்டு நாற்காலியைப் பற்றின. "விடுங்க, புடிச்சுட்டேன்," என்றது குரல். அதே செயலாளர்.

என் கணவர் பிழைத்தார். "தாமதிச்சிருந்தா அவ்வளவுதான். திரும்ப வலி வந்தா உடனே கொண்டுவந்துடுங்க," என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்தபோது சுவரின் உயரம் கூடியிருந்தது. உச்சி முழுக்கக் கண்ணாடிச் சில்லு பதித்திருந்தார்கள். ஹாலோ பிளாக் கற்களைக் காணவில்லை. செயலாளருக்குப் போன் செய்து கத்தினேன்.

"அன்னைக்கு உங்க சாரை இறக்குனதைப் பார்த்துட்டு ஆளாளுக்கு ஏற ஆரம்பிச்சுட்டாங்க மேடம். மீட்டிங்ல முடிவாயிடுச்சு, நான் என்ன பண்றது? அவசரம்னா முன்கூட்டியே ஒரு போன் பண்ணிடுங்க. ஏதாவது ஏற்பாடு பண்ணலாம்," என்றார், நல்ல மனிதராகவே.

முன்கூட்டியே சொல்லிவிட்டு வர நெஞ்சுவலி என்ன கல்யாணமா? இப்போது என் கணவர் லேசாக இருமினால்கூட, அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன் நான் ஜன்னல் வழியே அந்தச் சுவரைத்தான் பார்க்கிறேன்.