விமான டெண்டரில் ஒரு சந்தனப் பொட்டு

பாக்கியலெட்சுமிக்கு அந்த 2007ஆம் ஆண்டில் வேண்டியிருந்தது ஒரே ஒரு கடிதம். "இவர் எங்கள் நிறுவனத்தில் நிரந்தரமாக வேலை செய்கிறார்" என்று முதலாளி கையொப்பம் வைத்த கடிதம். கொட்டாஞ்சேனையில் அவள் இருந்த வாடகை அறைக்குப் பொலிஸார் வரும்போதெல்லாம் அதைத்தான் கேட்டார்கள். அடையாள அட்டையில் மலைநாட்டில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்ட முகவரி இருந்தது. அப்படியானால் கொழும்பில் என்ன வேலை? வாயால் சொன்ன பதிலை அவர்கள் எழுதிக்கொள்வதில்லை. லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களை ஜூன் மாதத்தில் பஸ்ஸில் ஏற்றி ஊருக்கு அனுப்பிய பிறகு வீட்டுக்காரிக்கும் பயம் பிடித்துவிட்டது. மாதம் முடிவதற்குள் கடிதம் வராவிட்டால் வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டாள்.

வேலை இல்லாமல் இல்லை. புறக்கோட்டையில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் ஸாலிஹ் ஹாஜியாரின் காரியாலயம் இருந்தது. வெளிநாட்டுக் கம்பனிகளுக்காக அரசாங்க டெண்டர்களுக்கு விண்ணப்பிப்பது அவர் தொழில். டயர், பற்றரி, கூடாரத்துணி என்று எதற்கும் போடுவார். பாக்கியலெட்சுமி அங்கே நாட்சம்பளத்துக்குத் தட்டெழுதச் சேர்ந்து ஆறு வருடமாகியிருந்தது.

டெண்டர் வேலையை அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. பின்னறை அலுமாரியில் தள்ளுபடியாகித் திரும்பி வந்த விண்ணப்பங்கள் தூசி படிந்து கிடந்தன. மத்தியானச் சாப்பாட்டு நேரங்களில் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தாள். ஒன்றில் ஒரு பக்கத்துக்குச் சுருக்கொப்பம் இல்லை. இன்னொன்றில் வெள்ளை மை பூசித் திருத்திய ஓர் இலக்கம். மற்றொன்று நான்கு நிமிடம் பிந்திப் போயிருந்தது. வென்ற டெண்டரில் படிக்க ஒன்றுமில்லை, தோற்றதில்தான் எல்லாம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. இரண்டு வருடத்தில் அவள் கைபடாமல் ஒரு கவரும் அந்தக் காரியாலயத்தை விட்டு வெளியே போகாத நிலை வந்தது. கடிதம் மட்டும் வரவில்லை.

"இந்த பிளேன் டெண்டர் உள்ளுக்குப் போகட்டும் புள்ள, எழுதித் தாரேன்," என்றார் ஹாஜியார். "ஏத்துக்கொள்ளாமத் திருப்பிப் போட்டாங்களெண்டா வெளிநாட்டுக்காரன் வேற ஏஜன்டப் புடிச்சிருவான். அப்ப எனக்கே கடிதம் எழுத ஆளில்ல."

விமானப்படையின் பழைய போக்குவரத்து விமானங்களில் உள்ள கம்ப்யூட்டருக்குப் புது மென்பொருள் போடும் டெண்டர் அது. மழை மேகத்துக்குள் விமானி ஒன்றும் காணாமல் பறக்கும்போது, கீழே மலை வருகிறது, மேலே தூக்கு என்று எச்சரிக்கும் மென்பொருள்.

அறைத்தோழி மரியகொறற்றிக்கு அது பிடிக்கவில்லை. அவள் யாழ்ப்பாணத்தவள்.

"அவங்கட பிளேனுக்கு நீ ஏன்டி ராப்பகலா மாயுறாய்?"

"குண்டு போடுற பிளேன் இல்ல கொறற்றி. ஆளு ஏத்துறது. மலை தெரியாமப் போயி மோதுச்சுன்னா உள்ளுக்கு இருக்கவங்களும் சாவாங்க, தோட்டத்து லயத்துல தூங்குறவங்களும் சாவாங்க."

"ஓம், ஓம். உனக்கு எல்லாத்திலையும் உன்ர மலைதான்."

அது உண்மைதான். ஊருக்குப் பக்கத்து ஏழு கன்னி மலையில் ஒரு விமானம் மோதிச் சிதறியதைத் தகப்பன் ராமையா சொல்லக் கேட்டு வளர்ந்தவள் பாக்கியலெட்சுமி.

ஒரு மாதம் உழைத்தாள். மூலப்பிரதி முந்நூற்று எண்பத்தெட்டுப் பக்கம், நகலும் அதே அளவு. மென்பொருளின் சோதனை அறிக்கை முழுவதும் ஒரு சீடியிலும் இருந்தது. இரண்டு பிரதிகளின் பின்னட்டையிலும் காகித உறைக்குள் ஒவ்வொரு சீடி வைத்து ஒட்ட வேண்டும் என்பது நிபந்தனை.

"சீடில எல்லாம் ஈக்குதே, ஏன் இவ்வளவு காயிதத்தத் திங்கிறீங்க?" என்று கணக்குப்பிள்ளை பௌஸி சிரித்தார்.

"காயிதத்துக்குக் கரண்டு வேணாம் பௌஸி நானா," என்றாள்.

கொடுக்கும் நாள் வெள்ளிக்கிழமையாக அமைந்தது. காலையில் கொச்சிக்கடைச் சிவன் கோயிலுக்குப் போய் வந்தாள். கோயிலில் தந்த ஈரச் சந்தனத்தை ஒவ்வொரு பிரதியின் பின்னட்டை உட்புறத்திலும், யார் கண்ணிலும் படாத மூலையில், ஒரு பொட்டு வைப்பது அவள் வழக்கம். டயருக்கும் பற்றரிக்கும் வைத்தாள். ஒருநாளும் கெடுதல் வந்ததில்லை. அன்றும் இரண்டு பிரதிகளிலும் வைத்தாள், கவர்களை அரக்கு வைத்து மூடினாள், ஹாஜியாரோடு ஓட்டோவில் ஏறினாள். மூன்று சோதனைச் சாவடிகளில் பொதியைக் காட்டி, நேரத்துக்கு அரை மணி முந்தியே பெட்டியில் போட்டார்கள்.

இரண்டு மணிக்குத் திறந்தார்கள். மேசையில் நரைத்த தலையுடன் ஓர் அம்மா தலைமை. பக்கத்தில் ஒரு விமானப்படை அதிகாரி. எழுதுவதற்கு ஒரு குமாஸ்தா. எதிர்ப்பக்கத்தில் போட்டிக் கம்பனியின் ஏஜன்ட், கழுத்துப்பட்டியோடு. குமாஸ்தா மூலப்பிரதியின் சீடியைக் கம்ப்யூட்டரில் போட்டார். அது உறுமியது. திறக்கவில்லை. நகலின் சீடியைப் போட்டார். அதுவும் உறுமியது.

வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பளபளப்பான பக்கத்தில், காகித உறை வழியே ஊறி இறங்கிக் காய்ந்த மஞ்சள் கறை.

பாக்கியலெட்சுமிக்கு உடனே விளங்கிவிட்டது. அவள் வழக்கமாகப் பொட்டு வைக்கும் அதே மூலையில்தான் இந்த முறை சீடி உறை ஒட்டியிருந்தது. கை தன்பாட்டில் போய் வைத்திருக்கிறது, உறைக்கு மேலேயே.

"ஒன்பதாம் நிபந்தனைப்படி சீடி கட்டாயம். இதைத் தள்ளிவைக்க வேண்டும்," என்று போட்டி ஏஜன்ட் எழுந்து நின்று சிங்களத்தில் சொன்னார்.

ஹாஜியார் தமிழில் முணுமுணுத்தார்: "வெளிநாட்டுல இருந்து வரக்குள்ளேயே பழுதாப் போயிட்டெண்டு சொல்லுங்க புள்ள."

அவள் அலுமாரியில் படித்த விண்ணப்பங்களில் அப்படிச் சாட்டுச் சொன்ன கடிதங்கள் நிறைய இருந்தன. ஒன்றும் பிழைக்கவில்லை. நிபந்தனையைக் காட்டி வாதாடிய ஒன்றிரண்டு மட்டும் மறுபரிசீலனையில் பிழைத்திருந்தன. எழுந்து நின்றாள்.

"அது சந்தனம், மெடம்," என்றாள் சிங்களத்தில். "நான் சாமிக்கு வைத்தது. பிழை என்னுடையது. ஆனால் ஒன்பதாம் நிபந்தனை சீடியையும் காகிதத்தையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்கிறது. இரண்டையும் கொடுத்திருக்கிறோம். பதினோராவதன் நான்காம் பிரிவில், சீடி வாசிக்க முடியாமல் போனால் கையொப்பமிட்ட காகிதமே செல்லும் என்று இருக்கிறது."

அம்மா நிபந்தனைப் புத்தகத்தைப் புரட்டினார். இரண்டு தரம் வாசித்தார். பிறகு விமானப்படை அதிகாரியைப் பார்த்தார். அவர் மூலப்பிரதியை இழுத்து நடுவில் திறந்து, மலைகளின் உயர அட்டவணையில் விரலை வைத்துக் கீழே இறங்கினார்.

"பிதுருதலாகல மலையின் உயரம் சரியாக இருக்கிறது," என்றார். இன்னும் சில பக்கங்களைப் புரட்டினார். "ஒரு பக்கமும் குறையவில்லை. எல்லாவற்றிலும் சுருக்கொப்பமும் இருக்கிறது."

போட்டி ஏஜன்ட் மெல்ல உட்கார்ந்தார். அவர் கொடுத்த காகிதம் நாற்பது பக்கம்தான், மிச்சமெல்லாம் சீடியில்.

"ஏற்றுக்கொள்ளப்பட்டது," என்று அம்மா குமாஸ்தாவிடம் சொன்னார். "விளக்கம் சொன்னவரின் பெயரும் பதவியும் அறிக்கையில் வரவேண்டும்."

குமாஸ்தா தாளை நீட்டினார். பெயரை அவள் எழுதினாள். பதவிக்குரிய கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. ஹாஜியார் ஒரு கணம் பார்த்தார், பேனாவை வாங்கி 'டெண்டர் அலுவலர்' என்று எழுதித் தன் கையொப்பத்தையும் போட்டார்.

படியிறங்கும்போது வெடித்தார். "ஒரு பொட்டால என்ட ஏவாரத்த முடிக்கப் பாத்தீங்களே!"

"ஆமாங்க முதலாளி. தப்புதாங்க. இனிமே சீடி இருக்க எடத்துல கையே வைக்கமாட்டேன்."

"அல்லா காப்பாத்தினான்."

"இன்னும் முழுசாக் காப்பாத்தலைங்க."

ஹாஜியார் நின்றார். "என்ன?"

"அறிக்கையில என்னைய டெண்டர் அலுவலர்னு எழுதிட்டீங்க. என்கிட்ட நியமனக் கடிதம் இல்ல. பொய்த் தகவல் குடுத்தா எந்த நேரத்துலயும் விண்ணப்பத்தத் தள்ளலாம்னு இருபத்திரெண்டாம் நிபந்தனை இருக்குங்க."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "இந்த நிபந்தனையெல்லாம் என்னையப் புடிக்கவா மனப்பாடம் செஞ்சீங்க? வாங்க, போய்க் கடிதத்த அடிங்க. ஒப்பம் வைக்கிறேன்."

அன்று மாலையே அடித்தாள். வேலையில் சேர்ந்த திகதியாக ஆறு வருடத்துக்கு முந்தைய உண்மையான திகதியைப் போட்டாள். அதைக் கண்ட ஹாஜியார் புருவத்தை உயர்த்தினார், ஆனால் கையொப்பம் வைத்தார். மூன்று பிரதி.

அந்த டெண்டர் யாருக்குக் கிடைக்கும் என்று தெரிய இன்னும் மாதங்கள் செல்லும். பாக்கியலெட்சுமி திங்கட்கிழமை காலை கொட்டாஞ்சேனைப் பொலிஸ் நிலையத்து வாங்குப் பலகையில் காத்திருந்தாள். முறை வந்ததும் ஒரு பிரதியை நீட்டினாள். சார்ஜன்ட் முழுவதையும் வாசித்துவிட்டுப் பதிவேட்டைத் திறந்தார்.

"கொழும்பில் எவ்வளவு காலம் இருப்பீர்கள்?" என்று கேட்டார்.

"வேலை இருக்கிற வரைக்கும்," என்றாள் அவள். அவர் அதை எழுதி முடிக்கும் வரை பேனா முனையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.